பேரேடு யார் கையில்?

“கணக்குக் காட்டு!”

இரண்டே சொற்கள். ஆனால் ஊர்ப் பெரியவரை உறுத்தி எழுப்பிய சொற்கள் அவை. அறங்காவலரை வியர்க்க வைத்த சொற்கள். பொதுப் பணத்தைத் தன் பணமென்று எண்ணிப் பழகியவனின் உறக்கத்தைக் கெடுத்த சொற்கள். கேள்வி கேட்கும் மக்கள் எங்கே தோன்றினாலும் அவர்கள் உதட்டில் முதலில் தோன்றுவது இந்தக் கேள்விதான்.

கேட்பது எளிது. காட்டிய கணக்கு மெய்யா பொய்யா என்று கண்டறிவது எளிதன்று. வரவை மறைத்துச் செலவைப் பெருக்கியிருக்கிறானா, இல்லாத இருப்பை ஏட்டில் மட்டும் எழுதி வைத்திருக்கிறானா என்று பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அவர் சொன்னால் ஊர் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கைக்கு உரியவர் யார்? கணக்கனுக்குப் பிறந்தவரா? பணம் கட்டி இடம் பிடித்தவரா? அல்லது, “நான் கற்றேன், சோதித்துப் பாருங்கள்” என்று நெஞ்சு நிமிர்த்தி நிற்பவரா?

இந்த மூன்று விடைகளையும் உலகம் சொல்லிப் பார்த்திருக்கிறது. அந்த வரலாற்றை நம் இளைஞர்கள் அறிய வேண்டும். ‘ஆடிட்டர்’ என்ற பெயர்ப் பலகையைத் தெருவுக்குத் தெரு காண்கிறோம். அந்தப் பலகைக்குப் பின்னால் எத்தனை பூட்டிய கதவுகள் இருந்தன, எத்தனை கைகள் அவற்றைத் தட்டித் தட்டிக் காய்த்துப் போயின என்பதை எத்தனை பேர் அறிவோம்?

கல்லில் எழுதிய கணக்கு

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றிப் பேசாத மேடை இல்லை. குடவோலை முறையை வியந்து பாராட்டாத பாடநூல் இல்லை. 10-ஆம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட அந்தக் கல்வெட்டில், தேர்தலைவிடக் கூர்ந்து நோக்கத் தக்க செய்தி ஒன்று உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவரும், அவருடைய நெருங்கிய உறவினரும், மீண்டும் குடவோலையில் பெயர் எழுதப்படத் தகுதியற்றவர் ஆவர் என்று அது விதிக்கிறது. ஊர்க் கணக்கை எழுதியவரும், தாம் எழுதிய கணக்கைப் பெருமக்கள் முன் காட்டித் தூயவர் என்று தெளியப்பட்ட பின்னரே மறுபடியும் கணக்கு எழுதப் புகலாம் என்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இப்படி ஒரு விதி! பெருமைப்படலாம், தவறில்லை.

ஆனால் பெருமைப்படும்போதே மறு பக்கத்தையும் படித்தாக வேண்டும். அந்தக் குடத்துக்குள் யாருடைய ஓலை விழ முடிந்தது? கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலம் உடையவர், சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவர், வேதம் ஓதியவர் ஆகியோரின் ஓலைதான். அது அந்தணர்க்கு அளிக்கப்பட்ட ஊர்; அந்தணர் நடத்திய சபை. வயலில் இறங்கி உழுதவனுக்கும் நாற்று நட்டவளுக்கும் அங்கே கேட்கும் உரிமை இல்லை. கணக்குக் காட்ட வேண்டும் என்ற கொள்கை உயர்ந்தது. யாருக்குக் காட்ட வேண்டும் என்பதைப் பிறப்பு வரையறுத்துவிட்டது.

கணக்கன் மகன் கணக்கன்

அந்த வரையறை வெள்ளையர் ஆட்சி வந்தும் அழியவில்லை. அழியாதது மட்டுமா? சட்டமாகவே அச்சேறியது!

கிராமத்து நிலத்தின் கதையெல்லாம் கர்ணத்தின் கட்டுக்குள் இருந்தது. சிட்டா அவரிடம், அடங்கல் அவரிடம். எந்த வயலில் என்ன விளைந்தது, யாருக்கு எவ்வளவு தீர்வை என்று எழுதுவது அவர் எழுதுகோல். ஒரு கோடு இந்தப் பக்கம் நகர்ந்தால் ஒரு குடும்பத்தின் வரப்பு நகரும். இத்தகைய பொறுப்புக்கு ஆள் தேடுவதென்றால் எதைப் பார்க்க வேண்டும்? எழுத்தறிவை, எண்ணறிவை, நேர்மையை அல்லவா பார்க்க வேண்டும்? 1895-ஆம் ஆண்டின் சென்னைப் பரம்பரைக் கிராம அலுவல் சட்டம் பார்த்ததோ பரம்பரையை! பதவி காலியானால் மூத்த வழியில் வாரிசு யார் என்று தேடு என்றது. அந்த வாரிசு பால் மணம் மாறாத பையனாக இருந்தால்? அவன் பெயரைப் பதிவு செய்து வை. அவன் வளரும் வரையில் வேறொருவர் வேலையைப் பார்க்கட்டும் என்றது!

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! கூட்டல் கழித்தல் அறியாத குழந்தைக்குக் கணக்கு வேலை காத்திருக்கிறது. கணக்கில் கரை கண்ட அடுத்த தெரு இளைஞனுக்கோ அந்த வேலையைக் கேட்கும் உரிமையே இல்லை. அறிவு தந்தையின் குருதியோடு மகனுக்கு இறங்கும் என்று நம்பியதால் வந்த வினை இது.

குடியரசு மலர்ந்தது, அரசியல் சட்டம் வந்தது. அரசுப் பணியில் குடிமக்கள் அனைவருக்கும் சம வாய்ப்பு என்று அதன் 16-ஆம் பிரிவு முழங்கிற்று. ஆயினும் 1895-ஆம் ஆண்டுச் சட்டம் மூலையில் முடங்கிக்கொண்டு உயிர் வாழ்ந்தது. ஆந்திரத்தின் குண்டூர் மாவட்டத்தில், புதிதாகப் பிரிக்கப்பட்ட கிராமம் ஒன்றின் முன்சீப் வேலைக்கு மனுப் போட்ட காஜுல தசரதராம ராவ் என்பவர், முன்னாள் அலுவலரின் குடும்பத்தார்க்கே வேலை என்று ஒதுக்கித் தள்ளப்பட்டார். அவர் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். 1960-ஆம் ஆண்டு டிசம்பர் 6-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. வம்சத்தைக் காரணம் காட்டி அரசுப் பணியை ஒதுக்குவது அரசியல் சட்டத்துக்கு முரண். அந்த விதி செல்லாது என்றது தீர்ப்பு.

தமிழ்நாட்டில் 1968-ஆம் ஆண்டுச் சட்டம் பரம்பரை அலுவல் முறைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. 1980-ஆம் ஆண்டு நவம்பரில், எம்.ஜி.ஆர். அமைச்சரவைக் காலத்தில், பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளே அவசரச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டன. குறைந்தபட்சக் கல்வித் தகுதியும் தேர்வாணையத் தேர்வும் கொண்ட கிராம நிர்வாக அலுவலர் பணி அவற்றின் இடத்தில் தோன்றியது. எதிர்த்து நடந்த வழக்கில் 1982-இல் உச்ச நீதிமன்றம் ஒழிப்பை ஏற்றுக்கொண்டது. ‘யார் மகன்?’ என்ற கேள்வி போய், ‘என்ன படித்தாய்?’ என்ற கேள்வி வந்தது.

கிராமத்துக் கதை அது. வணிகத்துக்கும் ஆலைக்கும் கம்பெனிக்கும் கணக்குப் பார்ப்பவரின் கதை கடல் கடந்து தொடங்குகிறது.

எடின்பரோவில் ஒரு பட்டயம்

19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் ஆலைகள் எழுந்தன. இருப்புப் பாதைகள் நீண்டன. பல்லாயிரவர் பங்குப் பணம் போட்டுக் கம்பெனிகள் தொடங்கினர். பணம் போட்டவர் ஓரிடம். பணத்தை ஆள்பவர் வேறிடம். இடையில் நிற்பது ஏடு ஒன்றுதான். கம்பெனிகள் சில கொழித்தன, பல கவிழ்ந்தன. கவிழ்ந்தவற்றின் சொத்தைப் பிரித்துக் கொடுக்கவும், கொழிப்பதாகக் காட்டியவற்றின் ஏட்டை ஆராயவும் கணக்கர் தேவைப்பட்டனர். ஆனால் நேற்றுவரை வேறு தொழில் பார்த்தவரும் இன்று ‘நானும் கணக்கர்’ என்று பலகை மாட்டிக்கொள்ளலாம் என்ற நிலை. நல்லவரையும் போலியையும் பிரித்தறிய அடையாளம் இல்லை.

1854-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரக் கணக்கர்கள் சங்கமாகத் திரண்டு அரச பட்டயம் பெற்றனர். அடுத்த ஆண்டு கிளாஸ்கோ, 1867-இல் அபர்டீன். இங்கிலாந்து, வேல்ஸ் கணக்கர்களின் கழகம் 1880-இல் பட்டயம் பெற்றது. ‘பட்டயக் கணக்காளர்’ என்ற பெயர் பிறந்த கதை இதுதான். பட்டயம் பெற்ற கழகம் என்ன செய்தது? ஐந்தாண்டு பயிற்சி எழுத்தராக இரு, தேர்வு எழுது, தேறினால் பெயருக்குப் பின்னால் எழுத்துகளைப் போட்டுக்கொள், ஒழுங்கு தவறினால் அவற்றை இழப்பாய் என்றது. பிறப்பைக் கேட்கவில்லை, படிப்பைக் கேட்டது. இது வளர்ச்சிதான். மறுப்பதற்கில்லை.

ஆனால், பிறப்பு வாயிலில் நின்று விரட்டிய இடத்தில் பணம் வந்து நின்றுகொண்டது. பயிற்சிக்குச் சேரும் இளைஞன் தன்னைச் சேர்த்துக்கொள்ளும் முதலாளிக் கணக்கருக்குப் பெருந்தொகையை முன்பணமாகக் கட்ட வேண்டும் என்பது அந்நாள் வழக்கம். அதன்பின் ஐந்தாண்டு, ஊதியம் இல்லாமலோ பெயரளவுக்குச் சிறு தொகை பெற்றோ உழைக்க வேண்டும். சுரங்கத் தொழிலாளி மகனால் முடியுமா? நெசவாலைக் கூலியின் மகனால் முடியுமா? சட்டத்தில் எங்கும் ‘ஏழைக்கு இடமில்லை’ என்று எழுதியிருக்கவில்லை. எழுதாமலேயே எழுதிய பலன் கிடைத்தது!

பெண் என்ற ஒரே குற்றம்

பணம் இருந்தாலும் நுழைய முடியாதவர் ஒரு சாரார் இருந்தனர். அவர்கள் பெண்கள்.

மேரி ஹாரிஸ் ஸ்மித் என்பவர் லண்டனில் தாமே அலுவலகம் வைத்துக் கணக்குத் தொழில் நடத்தி வந்தவர். தொழிலில் தேர்ந்தவர். 19-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் அவர் கழகத்தின் கதவைத் தட்டினார். பெண்ணைச் சேர்க்க விதியில் இடமில்லை என்று கை விரித்தனர். அவருடைய கூட்டல் பிழையா? இல்லை. நாணயத்தில் குறையா? இல்லை. அவர் பெண், அவ்வளவுதான். ஆண்டுகள் உருண்டன, அவர் தலை நரைத்தது, கேட்பதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. 1919-ஆம் ஆண்டில், பெண் என்பதாலேயே தொழில் மறுக்கக் கூடாது என்று பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் செய்தது. 1920-இல் அவர் பட்டயக் கணக்காளர் ஆனார். உலகில் அந்தப் பட்டயம் பெற்ற முதல் பெண் அவர். அப்போது அவர் எழுபதைக் கடந்திருந்தார். ஓய்வு பெறும் வயதைத் தாண்டியவர் கையில் தொழில் செய்ய உரிமம் கொடுத்து, ‘நீதி வழங்கினோம்’ என்றனர்.

அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் 1896-இல் சட்டம் இயற்றி, அரசே தேர்வு வைத்துப் பொதுக் கணக்காளர்க்குச் சான்று தரும் முறையைத் தொடங்கியது. கிறிஸ்டின் ராஸ் என்ற பெண் 1898-இல் அந்தத் தேர்வை எழுதித் தேறினார். ஆனால் சான்று உடனே வரவில்லை. பெண்ணுக்குக் கொடுக்கலாமா கூடாதா என்று பெரியவர்கள் தலையைச் சொறிந்துகொண்டிருந்தனர். 1899-ஆம் ஆண்டின் இறுதியில்தான் அது அவர் கைக்கு வந்தது. விடைத்தாளைத் திருத்தி முடித்த பிறகும் எழுதியவர் ஆணா பெண்ணா என்று ஆராய்வது எந்த ஊர்க் கணக்கு?

தோலின் நிறமும் ‘அனுபவ’ விதியும்

அமெரிக்காவில் இன்னொரு கதவு இருந்தது. மிக நாகரிகமாகச் செய்யப்பட்ட கதவு அது. தேர்வில் தேறினால் மட்டும் போதாது; சான்று பெற்ற கணக்காளர் ஒருவரிடம் சில காலம் வேலை பார்த்த பட்டறிவும் வேண்டும் என்றன பல மாநிலங்களின் விதிகள். கேட்டால் நியாயம்தான். ஏட்டறிவு மட்டும் போதுமா? தொழிலறிவு வேண்டாமா?

ஆனால், சான்று பெற்றவர் அனைவரும் வெள்ளையர். கறுப்பரை வேலைக்குச் சேர்ப்பவர் அவர்களுள் யார்? நீச்சல் கற்றவனை மட்டுமே ஆற்றில் இறங்க விடுவேன் என்று சொல்லி, கற்றுக்கொள்ள ஒருவனை மட்டும் ஆற்றங்கரைக்கே வர விடாமல் தடுத்த கதை அது.

ஜான் குரோம்வெல் கறுப்பின இளைஞர், டார்ட்மவுத் கல்லூரியில் பட்டம் பெற்றவர், கணக்கியல் ஆசிரியர். அவர் வாழ்ந்த வாஷிங்டன் பகுதியில் அவருக்கு வழி அடைபட்டிருந்தது. 1921-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம் அந்தப் பட்டறிவு நிபந்தனை இல்லாத சட்டம் ஒன்றை இயற்றியது. தொலைவைப் பொருட்படுத்தாமல் அங்கே சென்று தேர்வு எழுதித் தேறினார் குரோம்வெல். அமெரிக்காவின் முதல் கறுப்பினச் சான்றுக் கணக்காளர் அவரே. நியூயார்க்கின் முதல் சட்டம் பிறந்து 25 ஆண்டுகள் கழிந்திருந்தன! கறுப்பினப் பெண்ணொருவர் அந்தச் சான்றைப் பெற மேலும் 22 ஆண்டுகள் ஆயின. 1943-இல் சிகாகோவில் மேரி வாஷிங்டன் அதைப் பெற்றார். அவர் அதோடு நிற்கவில்லை. தம் அலுவலகத்தையே பயிற்சிக் கூடமாக்கி, வேறெங்கும் இடம் கிடைக்காத கறுப்பின இளைஞர்களுக்குப் பட்டறிவுக்கு வழி செய்தார். தான் நுழைந்த கதவைத் தனக்குப் பின்னால் சாத்தாமல் பிடித்துக்கொண்டு நின்ற கை அது. அந்தக் கையை வணங்கலாம்.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? விதி ஒன்று எழுத்தில் நியாயமாக இருந்தால் போதாது. நடைமுறையில் யாரை உள்ளே விடுகிறது, யாரை வெளியே நிறுத்துகிறது என்று கணக்கெடுத்துப் பார்க்க வேண்டும். விதிகளுக்கும் தணிக்கை வேண்டும்!

நம் நாட்டில் நடந்தது

இந்தியாவில் 1913-ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், கம்பெனிக் கணக்கைத் தணிக்கை செய்வோர்க்குத் தகுதி வேண்டும் என்றது. மாகாண அரசுகள் சான்று கொடுத்தன. ஆனால் பிரிட்டிஷ் கழகங்களின் உறுப்பினர்க்கு அந்தத் தொல்லை இல்லை. கடல் கடந்து வந்த பட்டயமே இங்கே திறவுகோல். இந்திய இளைஞன் உயர்ந்த தகுதி பெற வேண்டுமானால் கப்பலேற வேண்டும். கப்பலேறக் காசு வேண்டும்.

1918-இல் பம்பாயில் அரசுக் கணக்கியல் பட்டயம் தோன்றியது. ‘ஜி.டி.ஏ.’ என்று சொல்லப்பட்ட அந்தத் தேர்வையும் மூன்றாண்டுப் பயிற்சியையும் முடித்தால், இந்த மண்ணை விட்டு நகராமலே தணிக்கையாளர் ஆகலாம் என்ற நிலை பிறந்தது. 1930-இல் சட்டம் திருத்தப்பட்டு, மாகாணங்களின் கையிலிருந்த அதிகாரம் மைய அரசுக்குச் சென்றது. 1932-இல் விதிகள் வந்தன. இந்தியக் கணக்கியல் வாரியம் வந்தது. ‘பதிவு பெற்ற கணக்காளர்’ என்ற பெயர் வந்தது. ஆனாலும் கடிவாளம் அரசிடமே இருந்தது. தொழில் செய்தவர்கள் தங்களைத் தாங்களே ஆளவில்லை.

அந்தக் காலத்தில்தான் சென்னைப் பெண்ணொருத்தி இந்தக் கோட்டைக்குள் நுழைகிறார். ஆர். சிவபோகம் என்பது அவர் பெயர், 1907-இல் பிறந்தவர், இராணி மேரிக் கல்லூரி மாணவி. சட்ட மறுப்புப் போராட்டத்தில் ஈடுபட்டு வேலூர்ச் சிறையில் இருந்தவர். சிறையை விட்டு வந்தபின், பெண் எவரும் தொட்டுப் பார்க்காத கணக்குத் துறையைத் தேர்ந்தார். ‘பெண்ணுக்கு அடுப்படிக் கணக்குப் போதாதா?’ என்று கேட்ட காலம் அது. 1933-இல் தேர்வில் வென்றார். இந்தியாவில் அந்தத் தகுதியைப் பெற்ற முதல் பெண் அவரே.

தேர்வு முடிந்தால் தொல்லை முடிந்ததா? இல்லை. சிறை சென்றவர் கணக்காளராகப் பதிவு செய்துகொள்ள முடியாது என்று விதியைக் காட்டி வழி மறித்தது அன்றைய ஆட்சி. திருடிச் சிறை சென்றவரும் விடுதலைக்காகச் சிறை சென்றவரும் அந்த விதியின் கண்ணுக்கு ஒன்று! சிவபோகம் வழக்காடினார், வென்றார். 1937-இல் தனித்துத் தொழில் தொடங்கினார். பின்னாளில், 1955 முதல் 1958 வரை, பட்டயக் கணக்காளர் கழகத்தின் தென்னிந்திய மண்டல அவைக்குத் தலைமை தாங்கினார். பெண்ணுக்கு இடமில்லை என்ற அவையில், பெண் தலைமை இருக்கையில் அமர்ந்தார். அவர் 1966-இல் மறைந்தார். அவர் பெயரால் மாணவியர்க்குப் பரிசு நிறுவப்பட்டுள்ளது.

விடுதலைக்குப் பின் 1949-ஆம் ஆண்டில் பட்டயக் கணக்காளர் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டு சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அரசியல் சட்டம் நடைமுறைக்கு வருமுன்னரே பிறந்த கழகம் இது. பெயர் என்னவோ இங்கிலாந்திலிருந்து வந்த பெயர்தான். ஆனால் எந்த மன்னனின் பட்டயமும் இதற்கு இல்லை. மக்கள் மன்றம் இயற்றிய சட்டமே இதன் பட்டயம். தொடக்கத்தில் ஏறத்தாழ 1,700 உறுப்பினர் இருந்தனர். இன்றோ நான்கு இலட்சம் அளவுக்கு வளர்ந்துவிட்டது. சிவபோகம் தனியாக நின்ற இடத்தில், இன்று பத்துப் பேரில் ஏறத்தாழ மூவர் பெண்கள். பயிற்சிக்கு வருபவன் பணம் கட்டிய காலம் போய், பயிற்சி தருபவர் மாணவர்க்கு உதவித்தொகை கொடுக்க வேண்டும் என்ற விதி வந்தது. 1944-இல் தோன்றிய அடக்கவிலைக் கணக்காளர் கழகமும் 1959-இல் தனிச் சட்டம் பெற்றது.

வரியும் வழிகாட்டியும்

கம்பெனிக் கணக்கு ஒருபுறம் இருக்கட்டும். சிறு வணிகன், நெசவுப் பட்டறைக்காரன், மளிகைக் கடைக்காரன் இவர்கள் கணக்கரைத் தேடிப் போவது பெரும்பாலும் வரிக்காகத்தான். அவர்கள் சார்பில் வரி அலுவலர் முன் நின்று பேச யாருக்கு உரிமை?

அமெரிக்காவில் இந்தக் கேள்வி குதிரையில் ஏறி வந்தது என்றால் சிரிக்காதீர்கள், உண்மை அதுதான். அங்கே 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. போரில் குதிரையை இழந்தவர்கள் அரசிடம் ஈடு கேட்டனர். அவர்களுக்காக வாதாடப் புறப்பட்ட முகவர்கள் நொண்டிக் குதிரைக்கும் பந்தயக் குதிரையின் விலை சொன்னார்கள்! பொறுக்க முடியாத அரசு 1884-இல் சட்டம் இயற்றி, கருவூலத்தின் முன் மக்கள் சார்பில் நிற்பவர்க்கு ஒழுங்கும் தகுதியும் வகுக்கும் அதிகாரத்தைக் கருவூலத் துறைக்குக் கொடுத்தது. 1913-இல் அங்கே வருமான வரி வேரூன்றியபோது, அந்த ஏற்பாடே வரி முகவர்களின் பதிவு முறையாக வளர்ந்தது.

நம் நாட்டில் வருமான வரி 1860-இல் வந்தது. 1922-ஆம் ஆண்டுச் சட்டமும், பின்னர் 1961-ஆம் ஆண்டுச் சட்டமும், வரி செலுத்துவோர் தம் சார்பில் வேறொருவரை அனுப்பலாம் என்று இடம் தந்தன. உறவினர், ஊழியர், வழக்கறிஞர், கணக்காளர், உரிய கல்வித் தகுதி பெற்ற வரி வழிகாட்டி என அந்தப் பட்டியல் அகலமானது. 1984-இல் வந்த திருத்தமோ, குறித்த அளவுக்கு மேல் வணிகம் செய்வோரின் கணக்கைப் பட்டயக் கணக்காளரே தணிக்கை செய்து சான்று தர வேண்டும் என்றது. ஆக, பேசுவதற்குப் பலர். சான்று தருவதற்குச் சிலர். 2017 சூலையில் சரக்கு, சேவை வரி வந்தபோது வணிகவியல், சட்டம் முதலிய துறைகளில் பட்டம் பெற்றவரும் வழிகாட்டியாகப் பதிவு செய்யலாம், அவர்களும் தேர்வு எழுதித் தேற வேண்டும் என்று வகுத்தனர்.

இந்த அகலம் நல்லது. சிற்றூர்க் கடைக்காரனுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு வழிகாட்டி வேண்டும். அவரிடம் கட்டணம் கொடுக்க அவனால் முடிய வேண்டும். ஆனால் தகுதி இல்லாதவரிடம் சிக்கினால் அபராதம் கட்டுபவன் அந்தக் கடைக்காரன்தான். ஆகவே கதவு அகலமாகவும் இருக்க வேண்டும். வாயிலில் சோதனையும் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று போதும் என்பவர் ஏழையை எண்ணிப் பாராதவர்.

சான்றிதழ் நேர்மையாகுமா?

‘எல்லாம் சரி, தேர்வு எழுதியவரெல்லாம் யோக்கியரா?’ என்று கேட்பர் சிலர். கேட்கத்தான் வேண்டும். அமெரிக்காவில் 2001-இல் என்ரான் கம்பெனி சரிந்தது. அதன் கணக்கைப் பார்த்து வந்தது உலகப் புகழ் பெற்ற ஆர்தர் ஆண்டர்சன் நிறுவனம். 2009 சனவரியில் ஐதராபாத்தின் சத்யம் கம்பெனித் தலைவர், இல்லாத பல்லாயிரம் கோடியை இருப்பதாக ஏட்டில் காட்டியதைத் தாமே ஒப்புக்கொண்டார். அந்த ஏட்டிலும் தணிக்கையாளர் கையொப்பம் இருந்தது. தகுதி இருந்தது, தாளில் முத்திரை இருந்தது, உண்மை மட்டும் இல்லை.

இதற்காகத் தேர்வையும் தகுதியையும் தூக்கி எறிந்துவிட்டுப் பழைய பரம்பரைக் கணக்குக்கே போகலாமா? மருந்து முழுப் பயன் தரவில்லை என்பதற்காக மந்திரவாதியிடம் போவாரா அறிவுடையார்? தேர்வு அறிவை அளக்கும், நேர்மையை அளக்காது. நேர்மையைக் காப்பது இடைவிடாத கண்காணிப்பு. தணிக்கையாளரையும் தணிக்கை செய்ய ஒருவர் வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்ததே 2018-இல் அமைக்கப்பட்ட தேசிய நிதி அறிக்கை ஆணையம். கணக்கு எழுதியவர், தாம் தூயவர் என்று தெளியப்பட்ட பின்னரே மீண்டும் எழுதுகோலைத் தொடலாம் என்று உத்திரமேரூர்க் கல் சொன்னது இதைத்தானே? சொன்னவர்கள் அன்று அதைத் தம் குலத்துக்குள் வைத்துக்கொண்டார்கள். அதை எல்லாருக்கும் பொதுவாக்குவது நம் காலத்தின் கடமை.

இளைஞர்க்கு ஒரு சொல்

பிறப்பு என்ற பூட்டு உடைந்தது. பெண் என்ற பூட்டு உடைந்தது. நிறம் என்ற பூட்டும் உடைந்தது. அவற்றுள் எதுவும் தானாகத் துருப்பிடித்து விழவில்லை. தசரதராம ராவ் வழக்காடினார். மேரி ஹாரிஸ் ஸ்மித் தலை நரைக்கும் வரை கேட்டார். குரோம்வெல் வேற்று மாநிலம் சென்றார். சிவபோகம் சிறைக்குப் பின்னும் சளைக்கவில்லை. இனி மீதமிருக்கும் பூட்டுகள் வறுமையும், வழி தெரியாமையும். சிற்றூரில் பிளஸ் டூ முடித்த உழவர் மகளுக்கு ‘இப்படி ஒரு படிப்பு உண்டு, நீயும் எழுதலாம்’ என்று சொல்ல ஆளில்லை. நகரத்தில் தங்கிப் பயிற்சி பெற, வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் அந்த உதவித்தொகை போதுவதில்லை. படிப்பகம் நடத்தும் தோழர்கள் செய்தித்தாளோடு இந்தத் தேர்வுகளின் பாடநூல்களையும் வாங்கி வைக்கட்டும். முன்னேறிய ஒருவர் பின்னால் வரும் இருவரைக் கைதூக்கி விடட்டும். சிகாகோவில் ஒரு பெண் செய்ததை நம் சிற்றூரில் செய்ய முடியாதா?

எல்லாரும் கணக்காளர் ஆக வேண்டியதில்லை. ஆனால் எல்லாரும் கணக்கைப் படிக்கக் கற்க வேண்டும். ஊராட்சியின் வரவு செலவைக் கிராம சபையில் படிக்கும்போது, தலையாட்டிவிட்டுக் கலையும் கூட்டமாக நாம் இருக்கலாமா? கூட்டுறவுச் சங்கத்தின் ஐந்தொகையைக் கையில் வாங்கி, இந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்கும் இளைஞன் ஊருக்கு ஒருவன் இருந்தால் போதும். பேரேட்டில் பொய் எழுதும் கை நடுங்கும்.

ஆயிரம் ஆண்டுகளாகப் பேரேடு சிலர் கையில் இருந்தது. இன்று அது கற்றவர் எவர் கைக்கும் வரலாம் என்ற நிலை பிறந்திருக்கிறது. கற்போம், கேட்போம். நம் கையில் ஏடு வரும் நாளில், நம்மிடமும் பிறர் கேட்பார்கள். அப்போது முகம் சுளிக்காமல் கணக்குக் காட்டுவோம்!